பத்துக்கு ரெண்டு

செல்வகுமாரி பத்துக்கு ரெண்டு என்று சொன்னது முந்தின நாள் மத்தியானம். மறுநாள் காலையில் அவள் பால் வாங்கப் போவதற்குள் அந்தப் பேச்சு தெருமுனை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

பால் பூத்தில் நின்ற தனக்கொடி எப்போதும் தானாக வந்து பேசுகிறவள். அன்று பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். செல்வகுமாரிக்குப் புரிந்தது. யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்றும் தெரிந்தது. நேற்று கூடத்தில் இருந்தது அவளும், கேள்வி கேட்க வந்த உஷாராணியும், செல்வகுமாரியுடைய கணவனின் அண்ணன் சூசைநாதனும்தான்.

நடந்தது இதுதான்.

செல்வகுமாரியின் கணவன், வயர்மேன் மரியதாஸ் இறந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. கிருமாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவன் கை படாத மீட்டர் பெட்டி இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். இல்லாதப்பட்ட வீடு என்றால் கூலி வாங்க மாட்டான். திருவிழாவுக்காக மாதா கோயில் கோபுரத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டான். மாதாவே கூப்பிட்டுக்கொண்டாள் என்று ஊர் சொன்னது.

முதலாண்டுப் பூசைக்கு வைக்கும் பேனரில் என்ன எழுதுவது என்று பேசத்தான் சூசைநாதன் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உஷாராணி உள்ளே வந்தாள். வில்லியனூர்ப் பெண். ஒரு மருத்துவக் கல்லூரி எடுக்கிற கணக்கெடுப்புக்காக, கையில் டேப்லெட்டோடு ஊர் ஊராகப் போகிறவள். வாழ்க்கையில் பெரிய அடி விழுந்தவர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்களாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள்.

"நான் இன்னா அசலா? கேளு," என்று சூசைநாதன் நாற்காலியை விட்டு எழவில்லை.

வீட்டில் யாருக்காவது பெரிய நோய் வந்ததா, வேலை போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்த உஷாராணி, கணவனின் சாவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுனால எவ்ளோ கஷ்டம்னு பத்துக்கு ஒரு மார்க்கு போடணும்க்கா. ஒண்ணுமில்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து."

"ரெண்டு."

"அக்கா, பத்துதான் ரொம்பக் கஷ்டம். நான் சொன்னது புரியலியோ?"

"புரிஞ்சிது. ரெண்டு."

"எந்தக் கஷ்டத்துக்கு எவ்ளோன்னு எங்ககிட்ட பட்டியல் இருக்கு. அதுல இதுக்குத்தான்க்கா பெரிய மார்க்கே."

"யாரு போட்டது அந்த மார்க்க?"

"நெறைய பேரக் கேட்டுப் போட்டது."

"என்னக் கேக்கலியே." செல்வகுமாரி தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவரு செத்ததுக்குக் கேள்வி வச்சிருக்கீங்க. அவரு உயிரோட இருந்ததுக்குக் கேள்வி இல்லியா? அதக் கேளு. பத்து போடறேன்."

சூசைநாதன் எழுந்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார்.

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே கிடந்தது அவள் நினைத்ததைவிட லேசாக வெளியே வந்து விழுந்துவிட்டது.

பாலோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் பெலிசியா காலேஜுக்குக் கிளம்பி நின்றாள். பி.காம். இரண்டாம் வருஷம். சனிக்கிழமையும் வகுப்பு இருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"தோசை ஊத்தறேன். இரு."

"வேணாம்."

"நேத்து ராவும் சாப்பிடல நீ."

"எங்கப்பா செத்தது உனக்கு ரெண்டா?"

செல்வகுமாரி பால் பாக்கெட்டைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"சொல்லும்மா. எனக்கு மாசக்கணக்கா சோறு எறங்கல. அவரு டூல்ஸ் பைய இன்னும் கட்டிலுக்கடியில வச்சிக்கினுதான் படுக்கறேன். உனக்கு ரெண்டு. அப்பிடி இன்னா பண்ணாரு உன்ன? குடிச்சாரா? சீட்டாடுனாரா? எவளையாவது இட்டுக்கினு வந்தாரா?"

"இல்ல."

"அப்புறம்?"

குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்திருந்தால் தெருவே கூடிப் பார்த்திருக்கும். மரியதாஸ் குடிக்க மாட்டான், கத்த மாட்டான். வேலை முடிந்து வந்து கைகால் கழுவுவான். டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். அப்புறம் கதவைத் தாழ் போடுவான். குழம்பில் உப்பு கூடிப்போனதும் காரணமாக இருக்கும், மளிகைக் கடைக்காரரிடம் சிரித்துப் பேசியதும் காரணமாக இருக்கும். அடிக்கும்போது முகம்கூட மாறாது. மறுநாள் விடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு பூசைக்குப் போய் முன்வரிசையில் நின்று பாடுவான்.

மகள் கண்ணில் இது படக்கூடாது என்றுதான், ஆறாம் வகுப்பிலேயே அவளைப் பாண்டியில் சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நல்ல படிப்புக்காக என்று ஊர் நினைத்தது. செல்வகுமாரியும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஏற்பாடு முழுசாகப் பலித்துவிட்டது. அவன் இறந்த பிறகுதான் வீட்டோடு வந்த மகளுக்கு எதுவுமே தெரியாது.

"சாயந்தரம் வா. பேசலாம்," என்றாள்.

"நான் பெரியப்பா வூட்டுக்குப் போறேன். நாளைக்கிப் பூசைக்கும் அவங்களோடவே வந்துக்கறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெலிசியா படியிறங்கினாள். மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை செல்வகுமாரிக்கு. பூசைச் சாப்பாட்டு வேலைக்காக அன்று லீவு சொல்லியிருந்தாள். வெங்காய மூட்டையைக் கூடத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தாள்.

மத்தியானம் சூசைநாதன் மறுபடி வந்தார். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், வெளுத்த வேட்டி, பையில் பேனா. கூடவே அவர் மனைவி மதலேன். இரண்டு பேருக்கும் பின்னால், வியர்த்த முகத்தோடு உஷாராணி. கல்லூரி வரைக்கும் போன் போட்டு அவளை வரவழைத்திருந்தார்.

"இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு செல்வி. நேத்து ஏதோ மனசு சரியில்லாம ஒளறிட்டேன்னு சொல்லு. பத்துன்னு மாத்திக்கட்டும்."

உஷாராணி நின்றபடியே சொன்னாள். "நீங்க சொல்லி மாத்த முடியாதுங்க ஐயா. அக்காவுக்கு வேணாம்னா மொத்தத்தையும் எடுத்துடுவோம். ஆனா அத அவங்கதான் சொல்லணும்."

"அப்ப எடுத்துடு."

"எடுக்காத," என்றாள் செல்வகுமாரி. கை வெங்காயத்தை உரித்துக்கொண்டேயிருந்தது.

சூசைநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீ சின்னப் பொண்ணு இல்ல. நாளைக்கி சாமியாரு பிரசங்கத்துல தம்பியப் பத்திப் பேசப்போறாரு. நாலு ஊரு சனம் வரும். நீ இன்னா மொகத்தோட ஒக்காருவ?"

"இதே மொகத்தோட."

"அழுவணும்மா. பொஞ்சாதி அழுவலன்னா சனம் இன்னா பேசும்?"

"அழுவ வந்தா அழுவறேன் மாமா. வரலன்னா நீங்க அழுவுங்க. உங்களுக்குத் தம்பிதான அவரு?"

வாசற்கால் ஓரம் நின்ற மதலேன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சூசைநாதன் உஷாராணி பக்கம் திரும்பினார். "பாத்துக்கினியாம்மா? புருசன் போனதுல புத்தி பேதலிச்சிருக்கு. இதத்தான நீங்க அளக்கறீங்க? இது நோயா இல்லியா, நீயே சொல்லு."

"அக்கா சொன்னது எதையும் நான் வெளிய சொல்லக் கூடாதுங்க."

"நான் சொல்றேன்," என்றாள் செல்வகுமாரி. இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க எழுந்து போனப்புறமும் இந்தப் பொண்ணு கேட்டுச்சு மாமா. தூக்கம் வருதான்னுச்சு. வருது. பசிக்குதான்னுச்சு. பசிக்குது. கதவுச் சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சிக்குதான்னுச்சு. இப்ப இல்ல. இதே கேள்விய அவரு இருந்தப்ப வந்து கேட்டிருந்தா எல்லாத்துக்கும் பத்து போட்டிருப்பேன். செத்துடலாம்னு தோணுதான்னு கடைசில ஒண்ணு கேக்கறாங்க. அதுக்கும்தான். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல."

வெளியே கடலூர் ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

சூசைநாதன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "பொண்ணு இனிமே எங்க வூட்டுலயே இருக்கட்டும். உங்கிட்ட வுட்டா அதோட மனசும் கெட்டுப்பூடும். வா மதலேன்."

மதலேன் போனாள். படியில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

உஷாராணி கீழே செல்வகுமாரிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நேத்தே அவர வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும்க்கா. அது எங்க வேலையிலயே முக்கியமான விஷயம். விட்டுட்டேன்."

"அவரு இல்லன்னா நான் இவ்ளோ தைரியமா சொல்லியிருப்பேனோ இன்னாவோ." செல்வகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயக் கண்ணீர்தான். "ஏம்மா, என் ரெண்ட இன்னா பண்ணுவீங்க? ஊருல இருக்கிறவங்க மார்க்கோட சேத்து கூட்டிடுவீங்களா?"

"கூட்டிதான்க்கா பாப்பாங்க. ஆனா பக்கத்துல எழுதறதுக்கு எடம் இருக்கு. நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கேன். அவரு உயிரோட இருந்ததுக்குக் கேள்வி இல்லியான்னு. எங்க டாக்டரு இன்னைக்கி அதப் படிச்சிட்டு, இதத் தனியா எடுத்து வையின்னாரு."

"தப்பில்லாம எழுதுனியா?"

உஷாராணி சிரித்தாள். அப்புறம் தன் போன் நம்பரையும், ஆஸ்பத்திரியில் மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிற நம்பரையும் கொடுத்தாள். செல்வகுமாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் போனில் பதிந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு அவள் புறப்பட்டாள். குறுக்குச் சந்து வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் சூசைநாதன் வீட்டுக்குப் போய்விடலாம். அவள் பெரிய தெரு வழியாகவே நடந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அவளும் ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்துக்கொண்டே போனாள்.

சூசைநாதன் வீட்டு மதில்மேல் பேனர் சாய்ந்து நின்றது. படத்தில் கையைக் கட்டிக்கொண்டு மரியதாஸ் சிரித்தான். கீழே, கொட்டை எழுத்தில், 'ஆறாத கண்ணீருடன் மனைவி செல்வகுமாரி'. ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்துவிட்டிருந்தார்கள்.

அவள் உள்ளே போனாள். பெலிசியா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே சூசைநாதன்.

"வந்துட்டியா? வா. பெத்த பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டா ஒண்ணும் கொறஞ்சிட மாட்ட."

"பேனர்ல என் பேரு இருக்கட்டும் மாமா. அந்தக் கண்ணீர எடுத்துடுங்க," என்றாள் செல்வகுமாரி. பிறகு மகளுக்கு முன்னால் போய் நின்றாள். "உன்ன இழுத்துக்கினு போவ வரல. காலைல கேட்டியே, அதுக்கு பதில் சொல்ல வந்தேன்."

பெலிசியா நிமிரவில்லை.

"உங்கப்பா உன்ன ஒரு அடி அடிச்சதில்ல. உனக்கு அவரு நல்ல அப்பா. அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ பத்து போடு. அதுக்கு மேலயும் போடு. உனக்கு அப்பிடி. என்னோட மார்க்க நான்தான் போடுவேன். என்ன அடிச்சாரு பெலிசியா. குடிக்காம, கோவப்படாம, டி.வி.ய சத்தமா வச்சிட்டு அடிச்சாரு. நீ பொறக்கறதுக்கு முன்னயும், நீ ஹாஸ்டல்ல இருந்தப்பயும். அதுக்குத்தான் உன்ன அங்க சேத்தேன்."

"பொய்," என்றாள் பெலிசியா. காலையில் இருந்த வேகம் குரலில் இல்லை.

"செத்தவன் மேல பழி போடற. அவன் எழுந்து வந்து பதில் சொல்லுவானா?" என்றார் சூசைநாதன்.

"இருந்தப்ப நீங்க கேட்டிருக்கலாம். உங்ககிட்டதான மாமா வந்தேன்."

சூசைநாதன் முகம் ஒரு கணம் வேறு பக்கம் திரும்பியது. பெலிசியா அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்வை மெல்ல நகர்ந்து சமையலறைக் கதவருகே நின்ற மதலேனிடம் போய் நின்றது.

"பெரியம்மா?"

"அவள இன்னாத்துக்குக் கேக்கற? மதலேன், உள்ள போ."

மதலேன் உள்ளே போகவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா காது கிழிஞ்சி வந்தா," என்றாள். அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று சொல்வது போல இருந்தது குரல். "கம்மலோட பிச்சிருந்துது. நாந்தான் மஞ்சா வச்சிக் கட்டுனேன். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னாரு உங்க பெரியப்பா. தையல் போட்டதும் வண்டியில கொண்டுபோயி உங்கப்பாகிட்டயே வுட்டுட்டு வந்தாரு."

"எப்போ?"

"நீ பத்தாவது பரிச்சை எழுதுன வருசம்."

பெலிசியாவுக்கு அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா மட்டும் ஹாஸ்டலுக்கு வந்திருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார். பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பேனாவுக்கு மை நிரப்பிக் கொடுத்தார். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"வாய மூடு மதலேன்," சூசைநாதன் இரண்டடி முன்னால் வந்தார்.

"மூடிக்கினுதான இருந்தேன்." மதலேன் பின்வாங்கவில்லை. "நீங்களும் அவரும் ஒரே வூட்டுலதான வளந்தீங்க. செல்வி இவ்ளோ பேசறா. எங்கிட்டயும் பேசறதுக்கு இருக்குது."

சூசைநாதனின் கை பாதி உயர்ந்து நின்றது. செல்வகுமாரி அந்தக் கையையே பார்த்தாள். பெலிசியாவும் பார்த்தாள். மூன்று பேர் பார்வையும் தன் கைமேல் இருப்பது தெரிந்து அவர் அதைக் கீழே இறக்கினார்.

மதலேன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து செருப்பை மாட்டினாள். "செல்வி, இன்னைக்கி உங்க வூட்டுல படுத்துக்கறேன். அந்த ஸ்கூட்டிப் பொண்ணு நம்பர் இருக்குதா? எனக்கும் மார்க்கு போடணும்."

"இந்தப் படிய வுட்டு எறங்குனா நாளைக்கிப் பூசைக்கு ரெண்டு பேரும் வரக்கூடாது," என்றார் சூசைநாதன்.

"கோயிலு உங்க வூட்டுக் கொல்லைப்பக்கம் இல்ல மாமா," என்றாள் செல்வகுமாரி. "முன் பெஞ்சுல ஒக்காருவோம்."

இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெலிசியா, தோளில் பையோடு. அவள் வேகமாக வந்து சேர்ந்துகொள்ளவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. ஒரு வீட்டு நீளம் இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தாள்.

"பெஞ்சுல மூணு பேருக்கு எடம் இருக்குமா?" என்று மதலேன் மெதுவாகக் கேட்டாள்.

"நகந்து ஒக்காந்தா இருக்கும்க்கா."

மதலேனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கட் பண்ணவும் இல்லை, பேசவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். அது அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

அது ஓய்ந்ததும் பின்னால் பெலிசியாவின் போன் அடித்தது.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. செல்வகுமாரியும் நின்றாள். தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது. அவள் நகரவில்லை. இவ்வளவு நாள் மகளுக்காக எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாயிற்று. இது மகள் செய்ய வேண்டியது.

"சொல்லுங்க பெரியப்பா," என்றாள் பெலிசியா.